எலெக்ட்ரிக் ஷவர் மாத்திறது: 8.5 கிலோவாட்டில இருந்து 10.5க்குப் போகலாமா?

ஹரோவாசன்:

வணக்கம். லண்டன் ஹரோவில 1930களில கட்டின செமி (ஒரு பக்கம் பக்கத்து வீட்டோட ஒட்டின) வீடு. மேல்மாடிக் குளியலறையில பூட்டியிருக்கிற 8.5 கிலோவாட் எலெக்ட்ரிக் ஷவரை மாத்தலாம் எண்டு பாக்கிறன். இப்ப அதில இரண்டு பிரச்சினை. சுடுதண்ணி இரண்டு மூண்டு நிமிசம் ஒழுங்கா வந்து, திடீரெண்டு பச்சைத்தண்ணியாகி, கொஞ்ச நேரத்தால திரும்பச் சுடுது. மற்றது, பெட்டிக்கு அடியில இருக்கிற சின்னக் குழாயால தண்ணி சொட்டுது.

வீட்டு விபரம்: கொம்பி பொயிலர் (தொட்டி இல்லாமல் காஸில அப்பப்பவே தண்ணி சுடவைக்கிறது) இருக்கு. ஷவருக்கு 15 மி.மீ செப்புக் குழாயில மெயின்ஸ் (தெருக் குழாய்) குளிர்தண்ணி நேராகப் போகுது. பியூஸ் பெட்டியில ஷவருக்கு 40 அம்பியர் பிரேக்கர். கேபிள் லொஃப்ட் (கூரைக்கும் சீலிங்குக்கும் இடைப்பட்ட வெளி) வழியாகப் போகுது. பாவிக்கிறது நாலு பேர், அதில அம்மா அப்பா இரண்டு பேரும் 70 வயது தாண்டினவை.

10.5 கிலோவாட் எடுத்தால் தண்ணி நல்லா வரும் எண்டு கடையில சொல்லினம். உண்மையோ? மிரா, ட்ரைட்டன் எண்ட இரண்டு கொம்பனியில எதின்ர ஷவர் நீடிக்கும்? பழையதைக் கழட்டிப் புதியதை நானே பூட்டலாமா?

கம்பிக்காரன்:

தம்பி, ஷவரை முதலில தெரிவு செய்யாதேங்கோ. கேபிள், பிரேக்கர், அது போற வழி, இந்த மூண்டையும் பார்த்தால் எத்தனை கிலோவாட் வாங்கலாம் எண்டது தானாகத் தெரியும்.

பெட்டியில போட்டிருக்கிற கிலோவாட் பெரும்பாலும் 240 வோல்ட்டுக்கான கணக்கு. இங்க 1995 முதல் அறிவிக்கப்பட்ட மின்னழுத்தம் 230. வீட்டில 230 வந்தால் 9.5 எண்டு விக்கிறது 8.7 தான் தரும். ஒரு கொம்பனி 9.0 எண்டு போடுறதையும் இன்னொண்டு 9.5 எண்டு போடுறதையும் ஒப்பிட முதல் இரண்டும் ஒரே வோல்ட்டிலதானோ எண்டு சிறிய எழுத்தில பாருங்கோ.

240 வோல்ட்டில 8.5 கிலோவாட் 35.4 அம்பியர் இழுக்கும். 9.5 எண்டால் 39.6. 10.5 எண்டால் 43.8. உங்கட 40 அம்பியர் பிரேக்கரில 9.5 மட்டுமட்டாக நிக்கும், 10.5 நிக்காது. மிராவில 9.0, 9.8, 10.8 எண்டு வரும். அந்த 9.8 மாடல் 40.8 அம்பியர், 40ஐத் தாண்டிப் போகுது. ஆகவே பிரேக்கரை மாத்தாமல் இருக்கிறதெண்டால் ட்ரைட்டனில 9.5 வரை, மிராவில 9.0 வரை. பிரேக்கரை மட்டும் 50 ஆக மாத்திவிட்டால் சரி எண்டு ஒருத்தரும் நினைக்க வேண்டாம். பிரேக்கர் இருக்கிறது கேபிளைக் காப்பாத்த. கேபிள் தாங்காத இடத்தில பெரிய பிரேக்கர் போட்டால் சூடாகிறது சுவருக்குள்ள இருக்கிற கேபிள்.

கேபிளின்ர அளவு அதின்ர சாம்பல் உறையில அச்சடிச்சிருக்கும். அச்சு அழிஞ்சிருந்தால் எர்த் கம்பியைப் பாருங்கோ: 6 சதுர மி.மீ கேபிளுக்கு எர்த் 2.5, 10 சதுர மி.மீக்கு எர்த் 4. சிவப்பு, கறுப்பு நிற வயர் எண்டால் 2006க்கு முந்தினது.

கனபேர் கவனிக்காத விசயம், 6 எம்எம் (அந்த 6 சதுர மி.மீ) கேபிள் எவ்வளவு தாங்கும் எண்டதுக்கு ஒரே ஒரு விடை இல்லை. சுவரில கிளிப் அடிச்சோ, செங்கல் சுவரில பிளாஸ்டருக்குள்ளயோ போனால் 47 அம்பியர். லொஃப்ட்டில சீலிங்குக்கு மேல, 100 மி.மீ வரை இன்சுலேஷனுக்குக் கீழ கிடந்தால் 34. இன்சுலேஷன் 100 மி.மீக்கு மேல எண்டால் வெறும் 27. இப்ப லொஃப்ட்டுக்கு 270 மி.மீ போடச் சொல்லினம், அதுக்குள்ள புதைஞ்ச 6 எம்எம் கேபிள் உங்கட பழைய 8.5 ஷவரையே தாங்காது. 10 எம்எம்முக்கு இதே வரிசையில 64, 45, 36. அதாவது தடித்த கேபிள் போட்டாலும் இன்சுலேஷன் கம்பளிக்குள்ள ஆழமாகப் புதைச்சால் 9.5க்கே காணாது. இந்த எண்கள் பிரிட்டனின்ர மின்வயரிங் விதியான பிஎஸ் 7671இன்ர அட்டவணையில இருக்கு, உங்கட எலக்ட்ரீஷியனிட்டக் கேட்டால் காட்டுவார்.

லொஃப்ட்டில ஏறிக் கேபிள் எங்க கிடக்குது எண்டு பார்த்து எழுதுங்கோ. பியூஸ் பெட்டியில ஆர்சிடி (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கிற சுவிச்) இருக்கோ எண்டும் பாருங்கோ. குளியலறைச் சேர்க்கிட்டுக்கு 30 மில்லிஅம்பியர் ஆர்சிடி 2008 விதிப்பதிப்பிலயே வந்திட்டுது.

நானே பூட்டலாமா எண்டு கேட்டீங்கள். இங்கிலாந்தில அதே இடத்தில, அதே கேபிளில ஷவரை மட்டும் மாத்திறதுக்கு கவுன்சிலுக்கு அறிவிக்கத் தேவையில்லை. புதுச் சேர்க்கிட் இழுத்தால், பியூஸ் பெட்டியை மாத்தினால், குளிக்கிற இடத்துக்குக் கிட்ட வயரிங்கை மாத்தினால் பார்ட் பி (Part P, வீட்டு மின்வேலைக்கான கட்டட விதி) படி அறிவிக்க வேணும். என்ஐசிஈஐசி, நாப்பிற் போன்றவற்றில பதிஞ்ச எலக்ட்ரீஷியன் செய்தால் அவரே அறிவிச்சுச் சான்றிதழ் தருவார். வீடு விக்கிற நேரம் வக்கீல் கேக்கிற கடுதாசி அது. சட்டம் விட்டாலும், 40 அம்பியர் இணைப்பு அனுபவமில்லாத கை செய்யிற வேலை இல்லை. இந்த ஷவர்களில நான் காணுற பெரிய பழுது கொம்பனியில இல்லை, தளர்வாக இறுக்கின ஸ்குரூவில. வயர் முனை தளர்ந்தால் அந்த இடம் சூடாகும், சூடாகி ஆறி ஆறி இன்னும் தளரும், கடைசியில டெர்மினல் கறுத்து உருகும். சீலிங்கில இருக்கிற இழுகயிற்றுச் சுவிச்சுக்கும் இதேதான். பத்து வருசப் பழைய சுவிச் எண்டால் ஷவரோட சேர்த்து 50 அம்பியர் இரட்டைமுனைச் சுவிச்சா மாத்திவிடுங்கோ. மீன் கருகிற மாதிரி மணம் வந்தால் அது உருகிற பிளாஸ்டிக், உடனே பியூஸ் பெட்டியில நிப்பாட்டுங்கோ.

ஊற்று:

கம்பிக்காரன் மின்சாரத்தை வடிவாகச் சொல்லிவிட்டார். தண்ணீர்ப் பக்கத்தை நான் சொல்கிறேன். குழாய் வேலைதான் என் தொழில்.

முதலில் உங்கள் பழைய ஷவரின் இரண்டு குறைகளும் ஒரே காரணத்தால் வந்திருக்கலாம். தெர்மோஸ்டாட் (சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கும் கருவி) இல்லாத எலெக்ட்ரிக் ஷவரில் வெப்பத் திருகி உண்மையில் தண்ணீரின் வேகத்தைத்தான் கூட்டிக் குறைக்கிறது. உள்ளே இருக்கும் ஹீட்டர், தெரிவுசெய்த சூட்டு நிலைக்கு எப்போதும் ஒரே அளவு சூட்டைத் தருகிறது. மெதுவாகப் போகும் தண்ணீர் அதிகம் சுடும், வேகமாகப் போனால் குறைவாகச் சுடும். கைப்பிடித் தலையின் துளைகளில் சுண்ணாம்பு அடைத்தால் தண்ணீர் மெதுவாகி, ஹீட்டர் இருக்கும் கலம் அளவுக்கு மீறிச் சுடும். அப்போது வெப்பக் காப்புச் சுவிச் ஹீட்டரைத் துண்டிக்கும், உங்களுக்குப் பச்சைத்தண்ணீர் வரும். ஆறியதும் திரும்ப இணைக்கும். அதே அடைப்பினால் கலத்துக்குள் அழுத்தம் ஏறி, அடியில் இருக்கும் அழுத்த விடுவிப்பு அடைப்பான் திறந்துகொள்ளும். நீங்கள் சொன்ன சின்னக் குழாய் அதனுடையது. அங்கே தண்ணீர் வருகிறது என்று அந்தத் துளையை அடைக்கவே கூடாது, கலம் வெடிக்காமல் காப்பது அதுதான்.

ஆகவே வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. கைப்பிடித் தலையைக் கழற்றி, வெறும் ஹோஸால் ஓட விடுங்கள். வெட்டி வெட்டிச் சுடுவது நின்றால் குற்றம் தலையில். ஹோஸையும் கழற்றி உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள், உள் றப்பர் மடிந்து அடைப்பதும் உண்டு. இவற்றால் சரிவந்தால் தலையையும் அடைப்பானையும் மாற்றுவது மட்டும் போதும். அடைப்பான் ஒரு முறை திறந்தால் பெரும்பாலும் திரும்ப மூடாது, அந்த மாடலுக்கான உதிரியே வேண்டும். தலையும் ஹோஸும் சுத்தமாக இருந்தும் வெட்டினால் கலத்துக்குள்ளேயே சுண்ணாம்பு படிந்துவிட்டது. அதற்கு மருந்து இல்லை, மாற்றுங்கள். படிவு கரைக்கும் அமிலத்தைக் கலத்துக்குள் ஊற்றும் யோசனை எங்கேயாவது வாசித்தால் அதைச் செய்யாதீர்கள்.

10.5 எடுத்தால் தண்ணீர் நன்றாக வருமா? கணக்குப் பாருங்கள். தை மாதத்தில் மெயின்ஸ் தண்ணீர் 5 பாகையில் வந்தால் அதை 40க்குக் கொண்டுபோக, 8.5 கிலோவாட் நிமிடத்துக்கு 3.5 லீற்றர் தரும். 9.5 தருவது 3.9. 10.5 தருவது 4.3. எட்டரையிலிருந்து பத்தரைக்குப் போய்க் கிடைப்பது முக்கால் லீற்றர் சொச்சம். அதற்காகக் கேபிளையும் பிரேக்கரையும் மாற்றுவது பணத்துக்கு ஏற்ற வேலை இல்லை என்பது என் எண்ணம். 8.5இலிருந்து 9.5 கூட மெல்லிய வித்தியாசம்தான், ஆனால் கேபிள் தாங்குமென்றால் செலவில்லாமல் கிடைக்கிறது.

வாங்குமுன் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். இந்த மாடல்கள் பலவற்றுக்குத் தண்ணீர் ஓடும்போது 1 பார் அழுத்தமும் நிமிடத்துக்கு 8 லீற்றரும் கேட்பார்கள். மெயின்ஸிலிருந்து நேராக வரும் குளிர்தண்ணீர்க் குழாயின் கீழ் 2 லீற்றர் கூசாவைப் பிடித்து நேரம் பாருங்கள். 15 வினாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 8 லீற்றர். காலை ஏழரைக்கு, தெருவே குளிக்கும் நேரத்தில் அளவெடுங்கள், பகல் ஒரு மணி அளவு ஏமாற்றும். லொஃப்ட் தொட்டியிலிருந்து தண்ணீர் வரும் வீடுகளுக்குச் சாதாரண மாடல் சரிவராது. அவர்களுக்குப் பம்ப் உள்ளடங்கிய மிரா எலீற், ட்ரைட்டன் டி80எஸ்ஐ பம்ப்ட் போன்றவை. உங்களுக்கு அது தேவையில்லை.

மிராவா ட்ரைட்டனா? இரண்டுக்கும் உதிரிப்பாகம் எளிதில் கிடைக்கும், அதுதான் நீடிப்பின் பாதி. பெயர் தெரியாத மலிவு ஷவரில் ஒரு சின்ன சொலினோயிட் வால்வு (தண்ணீரைத் திறந்து மூடும் மின்வால்வு) பழுதானால் முழுப் பெட்டியையும் எறிய வேண்டிவரும். ட்ரைட்டன் டி80 வரிசை பழையதைக் கழற்றிப் பூட்டுவதற்கென்றே செய்தது, கேபிளும் குழாயும் பல பக்கங்களால் நுழையலாம், சுவர் ரைல் உடைக்கும் வேலை குறைவு. மிரா ஸ்போர்ட் சற்று விலை கூட, உள்ளே வேலைப்பாடு எனக்குப் பிடிக்கும்.

ஹரோத் தண்ணீர், லண்டனில் பொதுவாக வருவதைப் போல, சுண்ணாம்பு கூடிய கடினமான தண்ணீர். எனவே மாடலைத் தெரியும்போது நான் முதலில் தேடுவது, நிறுத்தியதும் சில வினாடிகள் பச்சைத்தண்ணீர் ஓடித் தானாக நிற்கும் வசதி. குளித்து முடிந்தபின் கலத்தில் தேங்கும் தண்ணீர் ஹீட்டரின் மிச்சச் சூட்டில் இன்னும் சூடாகும். சுண்ணாம்பு அதிகம் படிவது அப்போதுதான். அந்த வசதி இல்லாத ஷவரில் கடைசிப் பத்து வினாடி குளிருக்குத் திருப்பிவிட்டு நிறுத்தச் சொல்லி வீட்டில் எல்லோருக்கும் பழக்குங்கள்.

நித்தியகல்யாணி:

70 தாண்டினவை குளிக்கிற ஷவருக்கு தெர்மோஸ்டாட்டிக் மாடலைத்தான் எடுங்கோ. சாதாரண மாடல்களிலயும் அழுத்தம் கூடிக் குறையிறதைச் சமாளிக்கிற வால்வு இருக்கும், ஆனால் அது ஓரளவுக்குத்தான். கீழ யாரும் டொய்லெட் ஃபிளஷ் பண்ணினால் சூடு ஒரு கணம் ஏறும். இளம் ஆக்கள் விலகி நிப்பினம், வயசானவை அந்த அவசரத்தில வழுக்குவினம். மிரா ஸ்போர்ட்டிலயே தெர்மோஸ்டாட்டிக் 9.0 இருக்கு, கம்பிக்காரன் அண்ணை சொன்ன 40 அம்பியருக்குள்ள நிக்கும். முதியவைக்கெண்டே செய்தது மிரா அட்வான்ஸ், ட்ரைட்டன் ஓம்னிகேர். பெரிய பொத்தான், உச்ச சூட்டை மட்டுப்படுத்தலாம், நிறுத்த மறந்தாலும் தானாக நிக்கும். விலை கூடத்தான்.

இன்னொண்டையும் யோசிச்சுப் பாருங்கோ. கொம்பி பொயிலர் இருக்கிற வீட்டில மிக்ஸர் ஷவர் (பொயிலர் சுடுதண்ணியையும் குளிர்தண்ணியையும் கலந்து தாறது) பூட்டினால் இந்தத் தண்ணிக் குறைச்சலே இல்லை. 30 கிலோவாட் பொயிலர் அதே 35 பாகை உயர்வுக்கு நிமிசத்துக்கு 12 லீற்றர் தரும். செலவும் குறைவு. 9.5 ஷவரில எட்டு நிமிசக் குளிப்பு 1.27 அலகு, அலகு 25 பென்ஸ் எண்டு வைச்சால் 32 பென்ஸ். மிக்ஸரில நிமிசத்துக்கு 10 லீற்றர் படி எட்டு நிமிசம் குளிச்சால் 3.3 அலகு சூடு வேணும், பொயிலரில வீணாகிறதையும் சேர்த்தால் 3.6 அலகு காஸ் அளவில போகும், காஸ் 6 பென்ஸ் எண்டால் 22 பென்ஸ். இரண்டு மடங்குக்கு மேல தண்ணியில குளிச்சும் காசு குறைவு. தண்ணி மீற்றர் இருந்தால் அந்தக் கணக்கையும் சேர்க்க வேணும்.

அதுக்காக எலெக்ட்ரிக்கைக் கழட்டி எறியச் சொல்லேல்லை. மார்கழியில பொயிலர் நிண்டால் அந்த வீட்டில சுடுதண்ணிக்கு அதுதான் கதி. இரண்டு குளியலறை இருந்தால் ஒண்டில மிக்ஸர், ஒண்டில எலெக்ட்ரிக் வைக்கிறது புத்தி. உங்களுக்கு ஒண்டெண்டால், சூட்டுத் தண்ணிக் குழாயை அங்க கொண்டுபோக ரைல் எவ்வளவு உடைக்க வேணும் எண்டதைப் பொறுத்தது.

ஹரோவாசன்:

எல்லாருக்கும் நன்றி. பார்த்திட்டன். கேபிள் உறையில 6 எண்டு இருக்கு, நிறம் சிவப்பு கறுப்பு. லொஃப்ட்டில முழுத் தூரமும் இன்சுலேஷனுக்கு அடியில, மேல குறைஞ்சது ஒரு அடி கம்பளி. ஆர்சிடி ஷவருக்கு இல்லை. மெயின் பியூஸில 60 எண்டு எழுதியிருக்கு. காலையில 2 லீற்றர் கூசா 13 வினாடியில நிறைஞ்சுது. தலையைக் கழட்டிப் பார்த்தும் ஷவர் வெட்டி வெட்டித்தான் சுடுது. மிக்ஸருக்குக் குழாய் கொண்டுபோக முடியாது, பொயிலர் வீட்டின்ர மற்ற மூலையில.

கம்பிக்காரன்:

13 வினாடி எண்டால் நிமிசத்துக்கு 9 லீற்றருக்கு மேல, தண்ணி பிரச்சினை இல்லை.

கேபிள்தான் முதல் வேலை. ஒரு அடி கம்பளிக்கு அடியில அது 27 அம்பியர்தான் தாங்கும், 35 இழுத்துக்கொண்டு இருக்கு. ஷவர் ஒரு நேரத்தில பத்து நிமிசம்தான் ஓடுறதால இவ்வளவு நாள் தப்பியிருக்கு. அடுத்தடுத்து நாலு பேர் குளிக்கிற வீட்டில அந்த ஆறுதல் இல்லை. எலக்ட்ரீஷியன் வரும்வரை ஆளுக்கு ஆள் இடைவெளி விடுங்கோ, குறைஞ்ச சூட்டு நிலையில பாவியுங்கோ. அந்த நிலையில இரண்டு ஹீட்டரில ஒண்டுதான் வேலை செய்யும், அம்பியரும் ஏறக்குறையப் பாதி.

இரண்டு வழி இருக்கு. கேபிளில மேலதிக நீளம் இருந்து, உறை விறைக்காமல், மின்காப்புச் சோதனையில நல்லா வந்தால் அதைக் கம்பளிக்கு மேல தூக்கி மரத்தில கிளிப் அடிக்கலாம். 47 அம்பியர் திரும்பக் கிடைக்கும். கோடையில லொஃப்ட் 40 பாகைக்குப் போனாலும் 0.87ஆல பெருக்கினால் 40.9, அப்பவும் 40 அம்பியர் பிரேக்கருக்குக் காணும். ஆனால் சிவப்பு கறுப்புக் கேபிள், இவ்வளவு காலம் கூடுதலாக இழுத்தது. நானெண்டால் புது 10 எம்எம் இழுத்து, கம்பளிக்கு மேலால கொண்டுபோய், ஆர்சிடியும் பிரேக்கரும் சேர்ந்த ஒண்டு போடுவன். ஆர்சிடி இல்லாததால பியூஸ் பெட்டிப் பக்கம் எப்படியும் வேலை இருக்கு. புதுச் சேர்க்கிட், ஆகவே பார்ட் பி சான்றிதழ் வாங்குங்கோ.

60 அம்பியர் மெயின் பியூஸோட 10.5ஐ மறந்துவிடுங்கோ. 40 அம்பியர் ஷவர் ஓடேக்க சமையல் அவனும் (oven) கேத்திலும் சேர்ந்தால் எல்லைக்குக் கிட்டப் போகுது. கார் சார்ஜர் போடுற எண்ணம் இருந்தால் அந்தப் பியூஸைக் கூட்டச் சொல்லி உங்கட பகுதி மின் விநியோக நிறுவனத்திட்டக் கேளுங்கோ. அந்தப் பியூஸ் அவையின்ர சொத்து, சீல் உடைச்சு எலக்ட்ரீஷியனும் கழட்டக் கூடாது.

என்ர முடிவு: தெர்மோஸ்டாட்டிக் 9.0.

ஊற்று:

நானும் அதையே சொல்வேன். பூட்டும் நாளில் இவற்றைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷவருக்குப் போகும் குழாயில் மூடுவால்வு இருக்க வேண்டும், வழி குறுகாத முழுத்துளை வகை. ஸ்குரூட்றைவர் வெட்டு உள்ள சின்ன வால்வு வழியைக் குறுக்கும். ஷவரை இணைக்கும் முன் வெறும் குழாயை ஒரு வாளிக்குள் திறந்து அழுக்கைக் கழுவச் சொல்லுங்கள். செப்புத் துகள் ஒன்று உள்ளே போனால் சொலினோயிட் வால்வு மூடாமல் நாள் முழுக்கச் சொட்டும். நுழைவு இணைப்பில் பசை பூசக் கூடாது, இறுக்கும்போது நசுங்கி அடைக்கும் ஒலிவ் வளையம் போதும்.

ஹீட்டரைப் போடும் முன் கலத்தில் தண்ணீர் நிறைய வேண்டும். காற்று இருக்கும் கலத்தில் ஹீட்டர் ஓடினால் முதல் நிமிடத்திலேயே எரியும், அதற்குக் கொம்பனி உத்தரவாதம் தராது. ஆகவே முதல் ஓட்டம் குளிர் நிலையில், காற்றுக் குமிழ் நின்று தண்ணீர் சீராக வரும்வரை. அதன் பிறகுதான் சூட்டு நிலை.

பெட்டியின் ஓரங்களைச் சிலிக்கனால் சுற்றி அடைக்க விடாதீர்கள். உள்ளே கசிந்தால் வெளியே தெரிய வழி வேண்டும், காற்றோட்டமும் வேண்டும். பழைய ஷவரின் ரைல் துளைகளை வேறாக அடைத்துக்கொள்ளலாம்.

பிறகு பராமரிப்பு. வாரத்துக்கொரு முறை தலையின் றப்பர் முனைகளைப் பெருவிரலால் தேய்த்து விடுங்கள், மாதத்துக்கொரு முறை வெள்ளை வினிகர் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள், இரவு முழுக்க விட்டால் குரோம் பூச்சு பழுதாகலாம். வருடத்துக்கொரு முறை மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தி நுழைவு வடிகட்டியைக் கழுவ வேண்டும். ஹோஸைப் பிடிக்கும் வளையத்தைச் சிலர் அழகில்லை என்று கழற்றி வைப்பார்கள். தலை குளியல் தொட்டித் தண்ணீருக்குள் தாழ்ந்து, அழுக்குத்தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் பின்னோக்கி இழுபடாமல் தடுப்பது அந்த வளையம். அது இருக்கட்டும்.